நடைவண்டியா, தள்ளுவண்டியா?

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. உயர்நிலை இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் வயிற்றுப் பேரன், தமிழ்க் கட்டுரை ஒன்றைக் கொண்டுவந்து என் முன் வைத்தான். 'என் வாழ்வில் மறக்க முடியாத நாள்' என்பது தலைப்பு. படித்துப் பார்த்தேன். ஒற்றுப் பிழை ஒன்றுகூட இல்லை. உவமைகள் உரிய இடங்களில் வந்து அமர்ந்திருந்தன. கட்டுரையின் நடுவில் பாட்டி நோயுற்று, மருத்துவமனைக் கட்டிலில் பேரனின் கையைப் பற்றியபடியே கண்ணை மூடுகின்றார். படிப்பவர் உள்ளம் உருகத்தான் வேண்டும்.

உருக வேண்டிய நான் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பாட்டி அங்கே நின்று வாடா சுட்டுக்கொண்டிருந்தார்.

"இதை எழுதியது யார்?" என்று கேட்டேன். பையன் பொய் சொல்லவில்லை. கணினியில் தலைப்பைக் கொடுத்தானாம். செயற்கை நுண்ணறிவு இரண்டே நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டதாம். என் முகம் மாறியதைக் கண்டு அவனே ஒரு கேள்வியும் கேட்டான்: "நன்னா, நான் யாரோட கட்டுரையையும் பார்த்து எழுதலையே. டீச்சர் கேட்டது கட்டுரை, கட்டுரை கிடைச்சிருச்சு. இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

பெரியவர்கள் ஓர் அதட்டலில் அடக்கிவிடக்கூடிய கேள்விதான் இது. ஆனால் அதட்டல் ஒரு நாளும் விடையாகாது. பையனின் வாதத்தில் நியாயம் இருப்பதுபோலவே அன்று எனக்குத் தோன்றியது. பிறர் பொருளை அவன் திருடவில்லை. பக்கத்துப் பையனின் தாளை எட்டிப் பார்க்கவில்லை. பள்ளியே அவன் கையில் கணினியைக் கொடுத்திருக்கின்றது. அப்படியிருக்க அவன் செய்த தவறு யாது? தவறு உண்டெனில், அதனால் இழந்தவர் யார்? இக்கேள்விக்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரை. வகுப்பறைக்குள் கணினியும் கைப்பேசியும் செயற்கை நுண்ணறிவும் நுழைந்துவிட்ட இக்காலத்தில், பிள்ளைகளைப் பெற்ற ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

பழைய கேள்விதான்

புதிய கருவி வரும்போதெல்லாம் இக்கேள்வி எழுந்தே வந்திருக்கின்றது. ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்னர் கிரேக்க நாட்டு அறிஞர் பிளேட்டோ எழுதிய 'பீட்ரஸ்' என்னும் உரையாடலில், சாக்ரட்டீஸ் ஒரு கதை சொல்கின்றார். எகிப்து நாட்டில் தியூத் என்னும் தெய்வம் எழுத்தைக் கண்டுபிடித்து, அதனைத் தாமுஸ் என்னும் மன்னரிடம் கொண்டுவந்து காட்டுகின்றது. மக்களின் நினைவாற்றலை இது பெருக்கும் என்று பெருமையும் பேசுகின்றது. மன்னரோ அதனை ஏற்கவில்லை. எழுதி வைத்துவிட்டோம் என்ற துணிவில் மக்கள் மறக்கவே பழகுவார்கள் என்றும், அறிவுடையவர்போல் தோன்றுவார்களேயன்றி அறிவைப் பெறமாட்டார்கள் என்றும் அவர் மறுத்துவிடுகின்றார்.

மன்னரின் அச்சத்தில் பாதி மெய். எழுத்து வந்தபின் மனப்பாட ஆற்றல் குறையத்தான் செய்தது. மறுபாதி தவறு. எழுத்து இல்லாதிருந்தால் ஒரு தலைமுறை கண்டறிந்ததை அடுத்த தலைமுறை முழுமையாகப் பெற்றிராது. அந்த மன்னர் சொன்னதை நாம் இன்று அறிவதும் பிளேட்டோ அதை எழுதி வைத்ததால்தானே! ஆகவே, கருவி நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்பதில் பயனில்லை. அக்கருவி எந்த வேலையை நம்மிடமிருந்து வாங்கிக்கொள்கின்றது, அந்த வேலையை நாம் விட்டுக்கொடுக்கலாமா என்று பார்ப்பதே முறை.

இதற்கு நம் ஊரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் கணிதப் பாடத்தில் 2009-ஆம் ஆண்டு முதல் கணக்கிடும் கருவி அனுமதிக்கப்படுகின்றது. ஆனால் எல்லா வினாக்களுக்கும் அனுமதி இல்லை. முதல் தாளில் கருவியைத் தொடக்கூடாது. இரண்டாம் தாளில் பயன்படுத்தலாம். இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் நன்றாக எண்ணியே வகுத்திருக்கின்றார்கள். கூட்டலும் பெருக்கலும் பிள்ளையின் மனத்தில் ஏறியிருக்கின்றனவா என்று அறிய விரும்பும் இடத்தில் கருவிக்கு இடமில்லை. ஒரு நீண்ட கணக்கை எவ்வழியில் தீர்ப்பது என்று பிள்ளை சிந்திக்க வேண்டிய இடத்தில், பெருக்கலின் சுமையைக் கருவி ஏற்றுக்கொள்கின்றது. ஒரே பிள்ளை, ஒரே பாடம், ஒரே கருவி. ஓரிடத்தில் அது தடை. மற்றோரிடத்தில் அது துணை.

இருவகை வண்டிகள்

நம் ஊர்களில் குழந்தைக்கு மரத்தால் செய்த நடைவண்டி வாங்கிக் கொடுப்பார்கள். மூன்று சக்கரம், பிடித்துக்கொள்ள ஒரு கட்டை. குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி நடக்கும். விழும், அழும், மீண்டும் எழுந்து பிடிக்கும். இன்று பேரங்காடிகளில் நாம் காண்பது தள்ளுவண்டி. அதில் குழந்தை சாய்ந்து படுத்திருக்க, பெரியவர்கள் தள்ளிக்கொண்டு போகின்றார்கள். இரண்டிற்கும் சக்கரங்கள் உண்டு. வேகத்தில் தள்ளுவண்டிக்கே வெற்றி. குழந்தைக்கு நோவில்லை, தாய்க்கும் கவலையில்லை. ஆயினும் நடைவண்டியில் உழைப்பது குழந்தையின் கால். தள்ளுவண்டியில் உழைப்பது பிறருடைய கால்.

தள்ளுவண்டியை நான் பழிக்கவில்லை. கடைத்தெருவுக்குப் போய்த் திரும்ப அது வேண்டியதே. போய்ச் சேருவது நோக்கமானால் அதுவே சிறந்தது. ஆனால் நடக்கப் பழகுவது நோக்கமாயிருக்கும் நேரத்தில் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துவிட்டு, 'பார், எவ்வளவு விரைவாக அந்தக் கோடிக்குப் போய்விட்டது!' என்று மகிழ்கின்றவரை என்னவென்று சொல்வது?

மனிதனுடைய உழைப்பிலும் இவ்வாறே இருவகை உண்டு. ஒருவகையில் பொருள் முக்கியம். செய்கின்றவர் யாராயினும் சரியே. துறைமுகத்தில் மூட்டை கரைக்கு வந்து சேர வேண்டும். அதை மனித முதுகு சுமந்தாலென்ன, பாரந்தூக்கி இறக்கினாலென்ன? நம் முன்னோரின் முதுகுகளிலிருந்து அச்சுமை இறங்கியதற்காக நாம் மகிழவே செய்கின்றோம். மற்றொருவகை உழைப்பில், செய்கின்றவரிடம் ஏற்படும் மாற்றமே பயன். நடை பழகுதல் அவ்வகை. நீச்சல் பழகுதல் அவ்வகை. பள்ளிக்கூடத்தில் நடைபெறும் உழைப்பில் பெரும்பகுதியும் அவ்வகையே.

பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை எழுதும் ஒன்றரைப் பக்கக் கட்டுரையை உலகில் யாரும் விலை கொடுத்து வாங்கப் போவதில்லை. ஆசிரியருக்கும் அக்கட்டுரை தேவையில்லை. அவரிடம் அதுபோல் நாற்பது கிடக்கின்றன. அவருக்குத் தேவையானது, அதை எழுதுகின்றபோது அப்பிள்ளையின் உள்ளே நடைபெறுவதுதான். என்றோ நடந்த ஒரு நாளைத் திரும்ப நினைத்தல், எதை முதலில் சொல்வது என்று எண்ணுதல், சொல் கிடைக்காமல் திண்டாடுதல், எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதுதல் — இவையே பாடம். தாளில் உள்ளது அப்பாடம் நடந்ததற்குச் சான்று, அவ்வளவே. சான்று மட்டும் கையிலிருந்து பாடம் நடவாதிருந்தால், அது போகாத ஊருக்கு வாங்கிய பயணச்சீட்டைப் போன்றது.

'டீச்சர் கேட்டது கட்டுரை' என்றான் என் பேரன். இல்லை. டீச்சர் கேட்டது அவனை.

கருவியால் விளைந்த நன்மை

நிற்க. கருவியைப் பழித்துப் பேசுவது வயதானவர்களுக்கு எளிது. அது செய்த நன்மையை மறைத்தல் நேர்மையாகாது.

சிங்கப்பூர் அரசாங்கம் 1997-ஆம் ஆண்டிலேயே கல்விக்கான தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டத்தைத் தொடங்கி, ஐந்தாண்டுகளில் 200 கோடி வெள்ளி செலவிட முன்வந்தது. இரண்டு மாணவர்களுக்கு ஒரு கணினி என்பது அதன் இலக்கு. மலேசியாவில் 1999-ஆம் ஆண்டு 'செக்கோலா பெஸ்தாரி' என்னும் விவேகப் பள்ளித் திட்டம் சோதனை முறையில் தொடங்கியது. 2018-ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூர்ப் பள்ளிகள் அனைத்துக்கும் பொதுவான இணையவழிக் கற்றல் தளம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. நோய்த்தொற்றுக் காலத்தில், 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 8 முதல் மே 4 வரை பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது, பிள்ளைகள் வீட்டிலிருந்தே பாடம் படிக்க முடிந்ததற்கு அத்தளமும் ஒரு காரணம். உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் சொந்தக் கற்றல் சாதனம் பெறுவது 2028-ஆம் ஆண்டுக்குள் என்றிருந்த இலக்கு, அந்த அனுபவத்திற்குப் பின் 2021-ஆம் ஆண்டின் இறுதிக்கு முன்கொண்டு வரப்பட்டது.

தமிழ் மொழிக்குக் கணினி செய்த நன்மை இன்னும் பெரிது. அதில் நம் வட்டாரத்தாரின் பங்கு பெருமைக்குரியது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-ஆம் ஆண்டிலேயே கணினியில் தமிழ் எழுத 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமியின் உழைப்பால், 1995-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் கவிதைகளைத் தாங்கிய பன்மொழி இணையப்பக்கத்தில் தமிழும் இடம்பெற்றது. 1997-ஆம் ஆண்டில் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரிலேயே கூடியது. இவர்களெல்லாம் பாடுபட்டிராவிட்டால், இன்று நம் பிள்ளைகள் கணினியில் எல்லா மொழிகளையும் கண்டு, தம் தாய்மொழியை மட்டும் காணாதிருப்பார்கள். பார்வையற்ற மாணவருக்குக் கணினி பாடத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டுகின்றது. வீட்டில் தமிழ் கேளாத பிள்ளைக்கு ஒரு சொல்லின் ஒலிப்பை நூறு தடவை சலிக்காமல் சொல்லிக் காட்டுகின்றது. நூறு தடவை சலிக்காமலிருக்க எந்த ஆசிரியரால் முடியும்? இவையெல்லாம் நடைவண்டிகள். இவற்றை வேண்டாமென்பவர் பிள்ளைகளின் நண்பர் அல்லர்.

அனுபவம் சொல்வது

கருவியை வாங்கிக் கொடுத்தால் போதும், கல்வி தானே வளரும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் உலகெங்கும் இருந்தது. தென்னமெரிக்காவின் பெரு நாடு எட்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளைப் பிள்ளைகளுக்கு வழங்கிற்று. ஏழை நாடு ஒன்று செய்த பெருமுயற்சி அது. 2012-ஆம் ஆண்டில், 319 கிராமப் பள்ளிகளை ஆராய்ந்த அறிக்கை வெளிவந்தது. பிள்ளைகள் கணினியைக் கையாளத் தேர்ந்திருந்தார்கள். பொது அறிவுத்திறனில் சிறிது முன்னேற்றமும் தெரிந்தது. கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் காணப்படவில்லை. கற்பிக்கும் முறையில் மாற்றம் செய்யாமல் கருவியை மட்டும் இறக்கினால் விளைவது இதுவே.

அனைத்துலக மாணவர் மதிப்பீடான 'பீசா' தேர்வில், 2022-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் கணிதம், அறிவியல், வாசிப்பு ஆகிய மூன்றிலும் முதலிடம் பெற்றது நாமறிந்ததே. அதே மதிப்பீட்டில் நாம் அவ்வளவாகக் கவனியாத செய்தி ஒன்றும் உண்டு. வளர்ச்சியடைந்த நாடுகளின் கூட்டமைப்பைச் சேர்ந்த மாணவர்களில் சராசரியாக 65 விழுக்காட்டினர், கணித வகுப்புகள் சிலவற்றிலேனும் மின்னிலக்கக் கருவிகளால் தம் கவனம் சிதறுவதாகக் கூறியிருக்கின்றனர். பாடத்துக்காகக் கருவியை அளவோடு பயன்படுத்தியவர்கள், அறவே பயன்படுத்தாதவர்களைவிட நல்ல மதிப்பெண் பெற்றிருக்கின்றனர் என்பதும் அதே மதிப்பீட்டில் கண்டதே. ஒன்றோடொன்று சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றொன்றின் காரணம் ஆகிவிடாது. ஆயினும் அளவு என்ற ஒன்று உண்டு என்பதை இது நினைவூட்டுகின்றது.

சுவீடன் நாடு கணினிக் கல்வியில் முன்னோடியாய் நின்ற நாடு. அந்நாடே 2023-ஆம் ஆண்டில், பள்ளிகளுக்கு அச்சிட்ட நூல்கள் வாங்க 685 மில்லியன் குரோனர் ஒதுக்கியது. சிங்கப்பூரிலும் 2026 ஜனவரி முதல், உயர்நிலைப் பள்ளிகளில் ஓய்வு நேரம் உட்படப் பள்ளி நேரம் முழுவதும் மாணவர்கள் கைப்பேசியைப் பயன்படுத்த முடியாது. தொழில்நுட்பத்தில் நம்பிக்கை வைத்த நாடு அதனைக் கைவிட்டுவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. கற்றல் சாதனம் இன்னும் பிள்ளைகளின் கையிலேயே இருக்கின்றது. எது எங்கே, எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கியிருக்கின்றார்கள். கணிதத் தேர்வுக்கு இரண்டு தாள் வகுத்த அதே அறிவுதான் இங்கும் வேலை செய்கின்றது.

மற்றொரு நிகழ்ச்சியும் நம் நினைவில் நிற்கத் தக்கது. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், மாணவர் சாதனங்களைக் கண்காணிக்க வைத்திருந்த செயலி ஒன்றில் வெளியார் ஊடுருவியதால், சிங்கப்பூரில் 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவர்களின் சாதனங்களிலிருந்து யாவும் அழிந்தன. குறிப்புகளை அதில் மட்டுமே வைத்திருந்த பிள்ளைகள் தவித்துப் போனார்கள். கல்வியைக் கள்வர் கொண்டுபோக முடியாது என்பது நம் பெரியவர்களின் நம்பிக்கை. அவர்கள் சொன்னது மனத்தில் ஏறிய கல்வியை. பெட்டியில் கிடக்கும் கல்வியை அன்று ஒரே இரவில் கொண்டுபோய்விட்டார்கள்.

யாருக்குக் கருவி, யாருக்கு ஆசிரியர்?

இங்கே நியாயம் பற்றிய கேள்வி ஒன்று எழுகின்றது. "நாளைய உலகம் கருவிகளின் உலகம். நம் பிள்ளைகளைக் கருவியிடமிருந்து விலக்கி வைத்தால் பின்தங்கிப் போவார்கள். அதிலும் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளே முதலில் பின்தங்குவார்கள்" என்று சிலர் கூறுவர். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதம், மலேசியாவின் சபா மாநிலத்தில் பித்தாஸ் வட்டாரத்துப் பல்கலைக்கழக மாணவி ஒருவர், இணையத் தொடர்பு கிடைக்காமல் மரத்தின்மேல் ஏறி அமர்ந்து தேர்வெழுதிய செய்தி நாடு முழுவதையும் உலுக்கிற்று. மலேசியாவின் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகளில் பல, தோட்டப்புறங்களில் இருப்பவை. வீட்டில் ஒரே ஒரு கைப்பேசி, அதைச் சுற்றி மூன்று பிள்ளைகள் என்ற நிலையை அந்தக் காலத்தில் கண்டவர்கள், கருவி வேண்டாம் என்று வாய் கூசாமல் சொல்ல முடியாது.

ஆனால் இந்த நியாயத்துக்கு மறுபக்கமும் உண்டு. கருவி இல்லாமை ஒரு வறுமை என்பது போலவே, கருவியைத் தவிர வேறொன்றும் இல்லாமையும் ஒரு வறுமைதான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கணினியும் உண்டு, பக்கத்தில் அமர்ந்து சொல்லிக் கொடுக்கும் துணைப்பாட ஆசிரியரும் உண்டு, புத்தகம் நிறைந்த அலமாரியும் உண்டு, படித்த தாய் தந்தையரும் உண்டு. கருவி எழுதிக் கொடுத்ததைக் கண்டுபிடித்து, 'நீயே எழுது' என்று சொல்ல அவ்வீட்டில் ஆள் உண்டு. தாயும் தந்தையும் இரவு வேலைக்குப் போய்விட்ட வீட்டில் பிள்ளைக்கு யார் உண்டு? அங்கே கருவியே ஆசிரியர், கருவியே தோழன், கருவியே தாலாட்டு. ஒருவனுக்கு நடைவண்டியாக இருப்பது மற்றவனுக்குத் தள்ளுவண்டியாகிவிடுகின்றது. பின்தங்குவது அப்பிள்ளைதான். ஆனால் பின்தங்கியது தெரியாமலே பின்தங்குகின்றது. ஏனெனில் தாளில் எல்லாம் பிழையின்றி இருக்கின்றன.

ஆகவே, வசதி குறைந்த பிள்ளைக்குக் கணினி வாங்கிக் கொடுப்பதோடு நம் கடமை தீர்ந்துவிட்டதாக எண்ணலாகாது. கணினி கொடுத்த கை, வாரத்தில் இரண்டு மாலையாவது அப்பிள்ளையின் பக்கத்தில் நாற்காலி போட்டு அமரவும் வேண்டும். பணம் கொடுப்பவர்கள் நம்மில் பலர்; நேரம் கொடுப்பவர்கள் சிலரே.

ஆசிரியர் பெருமக்களுக்கு

ஆசிரியர்களின் பளுவை நாம் அறிவோம். நாற்பது கட்டுரைகளைத் திருத்தும் வேலையில் கருவி துணைபுரியுமானால் அதனை மறுக்க யாருக்கும் உரிமையில்லை. எழுத்துப் பிழையைக் கருவி குறித்துக் கொடுக்கட்டும். வருகைப் பதிவேட்டைக் கருவி நிரப்பட்டும். அவ்வாறு மிஞ்சும் நேரம் எங்கே போகின்றது என்பதே கேள்வி. பிள்ளையின் முகத்தைப் பார்க்கப் போனால் அது நடைவண்டி. பிள்ளையை அறவே பார்க்காமலிருக்கப் பயன்பட்டால், ஆசிரியரும் தள்ளுவண்டியில் ஏறி அமர்ந்துவிட்டார் என்றே பொருள். மாணவன் கட்டுரையைக் கருவி எழுத, ஆசிரியரின் கருத்தைக் கருவியே எழுதினால், இரண்டு கருவிகள் தமக்குள் பேசிக்கொண்டிருக்கின்றன. நடுவில் மனிதர் இருவர் எதற்கு?

1946-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி, உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, 1982-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அங்குப் பயின்ற மூத்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கின்றார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். பலகையைப் பற்றியோ மேசையைப் பற்றியோ பேசமாட்டார்கள். ஒரு நாள் தாம் எழுதியதைப் படித்துவிட்டு ஆசிரியர் என்ன சொன்னார் என்பதைச் சொல்வார்கள். அறுபது ஆண்டு கழிந்தும் ஒருவர் உள்ளத்தில் நிற்பது, தம்மை ஒருவர் கவனித்தார் என்பதுதான். தன்னை யாரோ படிக்கப் போகின்றார் என்று தெரிந்தால்தான் பிள்ளைக்கும் எழுத மனம் வரும்.

பள்ளிகளில் தாய்மொழி வாய்மொழித் தேர்வு இன்று எப்படி நடக்கின்றது என்று பாருங்கள். மாணவர் கணினித் திரையில் ஒரு காணொளியைப் பார்க்கின்றார். பின்னர் அதைப் பற்றித் தேர்வாளரிடம் நேரில் பேசுகின்றார். காட்டுவது கருவி, பேசுவது பிள்ளை, கேட்பது மனிதர். இதைவிட நல்ல நடைவண்டி வேறென்ன வேண்டும்? வீட்டில் எழுதிவந்த கட்டுரையைப் பற்றியும் ஆசிரியர் இரண்டு கேள்வி வாய்மொழியாகக் கேட்கலாம். 'பாட்டி எந்த மருத்துவமனையில் இருந்தார்?' என்று ஒரு கேள்வி போதுமே!

பெற்றோர்களுக்கு

பெற்றோர்களே! நம் பங்கையும் மறைக்காமல் பேசுவோம். பிள்ளை எந்நேரமும் திரையைப் பார்க்கின்றான் என்று குறைபடுகின்ற நாம், அக்குறையைக் கைப்பேசியில் தட்டெழுதி உறவினர்க்கு அனுப்புகின்றோம். கைக்குழந்தை சோறுண்ண மறுத்தால் முன்னே திரையை நீட்டுகின்றோம். சாப்பாட்டு மேசையில் நால்வர் அமர்ந்தால் நான்கு திரைகள் ஒளிர்கின்றன. பள்ளியில் கைப்பேசிக்குத் தடை வந்தபோது மகிழ்ந்தவர்கள் நாம். வீட்டில் அத்தடையை நமக்கே விதித்துக்கொள்ள நம்மில் எத்தனை பேர் முன்வருவோம்? சொல்வதைப் பிள்ளைகள் கேட்கின்றார்களோ இல்லையோ, செய்வதைப் பார்க்கின்றார்கள்.

இன்னொன்றும் உண்டு. மதிப்பெண்ணை மட்டுமே கேட்டுக் கேட்டு வளர்த்த பிள்ளை, மதிப்பெண் தரும் குறுக்குவழியைத் தேடியதில் வியப்பென்ன? 'எவ்வளவு வாங்கினாய்?' என்று கேட்ட நாம், 'என்ன எழுதினாய்?' என்று கேட்டதுண்டா? தாளே முக்கியம் என்று பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தான். கருவி அந்தத் தாளைக் கொடுத்துவிட்டது.

யாருக்கு நஷ்டம்?

மறுநாள் காலை பேரனை அழைத்து உட்கார வைத்தேன். நஷ்டம் யாருக்கு என்று கேட்டாயே, கேள் என்று சொன்னேன். "டீச்சருக்கு ஒரு நஷ்டம். உன்னைத் தெரிந்துகொள்ள வைத்திருந்த வாய்ப்பை அவர் இழந்தார். இனி உன் எழுத்து எதையும் அவர் ஐயத்தோடுதான் படிப்பார். நீ உண்மையாக எழுதினாலும்கூட. உன் வகுப்பில் தானே எழுதிய பையனுக்கு ஒரு நஷ்டம். அவனுடைய பிழையுள்ள கட்டுரை உன்னுடைய பிழையில்லாக் கட்டுரைக்குப் பக்கத்தில் மட்டமாகத் தெரியும். உன் பாட்டிக்கு ஒரு நஷ்டம். உயிரோடு இருப்பவரைக் கொன்றுவிட்டாய். எல்லாரையும்விட உனக்கு நஷ்டம். உன் வாழ்வில் மறக்க முடியாத நாள் எது என்று நீ இன்னும் யோசித்தே பார்க்கவில்லை."

பையன் சற்றுநேரம் பேசாதிருந்தான். பின்னர், "அப்படின்னா கம்ப்யூட்டரைத் தொடவே கூடாதா?" என்று கேட்டான். தொடலாம். முதலில் நீ எழுது. எழுதி முடித்தபின் ல, ள, ழ குழப்பத்தை அது சொல்லட்டும். சொன்னதை நீ சரிபார். உன் வாதத்துக்கு மறுவாதம் சொல் என்று அதைக் கேள். தெரியாத சொல்லுக்குப் பொருள் கேள். உன் கால் நடக்கின்றவரை அது உன் வண்டி. நீ உட்கார்ந்துவிட்டால் நீ அதன் சுமை. இவ்வளவுதான் நான் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை இரவு வேறொரு கட்டுரை வந்தது. முக்கால் பக்கந்தான். ஆறு வயதில் தேக்கா சந்தையில் கூட்டத்தில் தொலைந்துபோனதையும், மீன்கடைக்காரர் ஒருவர் தன்னை ஒரு பெட்டியின்மேல் உட்கார வைத்ததையும், தேடிவந்த பாட்டி முதலில் முதுகில் ஓர் அடி வைத்துவிட்டுப் பிறகு தன்னைக் கட்டிக்கொண்டு அழுததையும் எழுதியிருந்தான். பதினொரு எழுத்துப் பிழைகள். கருவி அவற்றில் ஒன்பதைக் காட்டியது. மீதி இரண்டை நான் காட்டினேன். உவமை ஒன்றுமில்லை. மீன்கடைப் பெட்டி ஈரமாக இருந்ததால் கால்சட்டை நனைந்துபோனது என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை எந்தக் கருவியும் எழுதியிருக்காது. ஏனெனில் அந்தப் பெட்டியின்மேல் உட்கார்ந்தவன் அவன் ஒருவனே.

அவனுக்கு அதில் என்ன மதிப்பெண் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. பாட்டிக்குப் படித்துக் காட்டச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "நான் அடிக்கவே இல்லையே!" என்றார்.

அன்பர்களே, கருவிகள் இனியும் வரும். இன்றைய கருவியைக் கண்டு நாம் வியப்பதுபோல் நாளையதைக் கண்டு நம் பேரப்பிள்ளைகள் வியப்பார்கள். அவற்றைத் தடுக்க நம்மால் ஆகாது, தடுக்க வேண்டியதும் இல்லை. ஆனால் ஒவ்வொரு கருவியும் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது, 'நீ என் பிள்ளையை நடக்க வைப்பாயா, சுமந்துகொண்டு போவாயா?' என்று கேட்கின்ற கடமை நம்முடையது. அக்கேள்வியைக் கருவி கேட்காது. பிள்ளைக்குக் கேட்கத் தெரியாது. நாம்தான் கேட்க வேண்டும். கேட்பதற்குப் பிள்ளையின் பக்கத்தில் நாம் இருக்கவும் வேண்டும். சிந்திப்போமாக!